அளவான சூடே இயந்திரத்தின் பலம்

இயந்திரத்துக்குச் சூடு பகை என்பது நம்மவரிடையே ஆழ வேரூன்றிவிட்ட எண்ணம். சிலாபம் முதல் கற்பிட்டி வரையுள்ள கரையோரத்தில் இவ்வெண்ணம் மேலும் வலுப்பெற்றிருப்பதில் வியப்பில்லை. வெயில் காயும் பூமி இது. அந்த வெயிலை நம்பியே புத்தளத்து உப்பளங்கள் வாழ்கின்றன. இத்தகைய இடத்தில் ஓடும் காருக்கு எவ்வளவு குளிர்ச்சி கிடைக்கிறதோ அவ்வளவும் நன்மையே என்று பலர் கருதுகின்றனர். ஆகவேதான், இயந்திரத்துக்கும் றேடியேற்றருக்கும் இடையே அமைந்துள்ள ‘தெர்மோஸ்டற்’ என்னும் வெப்பநிறுத்தியை, “குளிர் நாட்டுக்காரனுக்கு வேண்டியது நமக்கு எதற்கு?” என்று கூறிக் கழற்றிவிடும் வழக்கம் இன்னும் சில இடங்களில் நிலவுகிறது.

இவ்வழக்கம் நன்மை தருவதா, தீமை தருவதா என்பதை ஆராய்வது வெறும் அறிவு விளையாட்டன்று. 2022ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் பெற்றோல் லீற்றர் ஒன்றின் விலை 470 ரூபாவை எட்டியதையும், அதன்பின் கியூஆர் குறியீட்டைக் காட்டிக் கார் ஒன்றுக்கு வாரம் 20 லீற்றர் மட்டும் பெற்றதையும், அதற்காக வரிசையில் இரவைக் கழித்ததையும் மறந்த குடும்பம் எது? ஒரு லீற்றர் எண்ணெயின் அருமையை அன்று நாம் அனைவரும் கற்றோம். அந்த எண்ணெய் எங்கே வீணாகிறது என்பதையும் கற்பது நம் கடமை.

எரிபொருளின் வரவு செலவு

பெற்றோல் இயந்திரத்துக்குள் எரியும்போது பிறக்கும் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. ஏறத்தாழ மற்றொரு பங்கு உருளையின் சுவர்களைச் சூடாக்கி, அங்கிருந்து நீருக்கும், நீரிலிருந்து றேடியேற்றர் வழியாகக் காற்றுக்கும் செல்கிறது. எஞ்சிய பங்கே ஆடுதண்டைத் தள்ளும் வேலையைச் செய்கிறது. அதிலும் ஒரு பகுதியை உராய்வு விழுங்கிவிடுகிறது.

இக்கணக்கைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். உருளையின் சுவர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ, அவ்வளவு வெப்பம் தீயிலிருந்து சுவருக்குப் பாயும். ஆடுதண்டைத் தள்ள வேண்டிய சக்தி நீரைச் சூடாக்கி வீணாகும். இதனால் இயந்திரத்தை மிகையாகக் குளிர வைப்பது, குடத்தில் துளையிட்டுவிட்டு நீர் மொள்வதை ஒக்கும்.

குளிர்ந்த இயந்திரத்தின் தீமை இத்துடன் முடிவதில்லை. பெற்றோல் நீர்ம நிலையில் நன்கு எரியாது. அது ஆவியாகிக் காற்றுடன் கலக்க வேண்டும். குளிர்ந்த சுவரில் பட்ட பெற்றோல் துளிகள் ஆவியாகாமல் ஒட்டிக்கொள்கின்றன. அக்குறையை ஈடு செய்ய மேலும் பெற்றோல் ஊட்ட வேண்டியிருக்கிறது. இன்றைய கார்களில் குளிரூட்டும் நீரின் வெப்பநிலையை ஓர் உணரி அளந்து, கணினிக்கு அறிவித்துக்கொண்டே இருக்கிறது. நீர் குளிர்ந்திருந்தால், ‘இயந்திரம் இன்னும் சூடேறவில்லை’ என்று கணினி முடிவு செய்து, எரிபொருளை மிகுதியாகத் தெளிக்கிறது. வெப்பநிறுத்தியை இழந்த கார் நாள் முழுவதும் காலை வேளைக் காராகவே ஓடிக்கொண்டிருக்கலாம்!

மசகெண்ணெயையும் நோக்குவோம். மார்கழி விடியலில் போத்தலுக்குள் தடித்துக் கிடக்கும் தேங்காயெண்ணெயை, சற்றே சூடாக்கியதும் இளகி ஓடும் எண்ணெயோடு ஒப்பிட்டால் எதுவும் விளங்கும். தடித்த மசகெண்ணெயைக் கிழித்துக்கொண்டு அசைய இயந்திரத்துக்கு அதிக சக்தி வேண்டும். தேய்மானமும் பெருகும். சுவர் குளிர்ந்திருக்கும்போது, எரிதலில் பிறக்கும் நீராவி அதன்மேல் பனித்து, புகையிலுள்ள அமிலத்தோடு கலந்து இரும்பை அரிக்கிறது என்பதை 1930களில் இங்கிலாந்தில் நடந்த ஆராய்ச்சிகளே காட்டிவிட்டன.

சிறு மெழுகின் பெருந்தொண்டு

இத்தனை தீமைகளையும் தடுப்பது உள்ளங்கையில் அடங்கும் அந்த வெப்பநிறுத்திதான். மெழுகு அடைத்த அதன் வகையை 1930களில் உருவாக்கியவர் சேர்ஜியஸ் வேர்னெற் என்பவர். சிறிய உலோகக் கூட்டுக்குள் மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். நீர் குளிர்ந்திருக்கும்போது வாயில் மூடியிருக்கும். நீர் றேடியேற்றருக்குச் செல்லாமல் இயந்திரத்துக்குள்ளேயே சுழன்று விரைவில் சூடாகும். குறித்த வெப்பநிலையை, பல கார்களில் 82 முதல் 90 பாகை செல்சியஸ் வரை, அடைந்ததும் மெழுகு உருகி விரிந்து, ஓர் ஊசியைத் தள்ளி வாயிலைத் திறக்கும். மெழுகு உருகும்போது விரிகிறது என்பதை மெழுகுதிரி வார்த்தவர்கள் அறிவர். ஆறியதும் நடுவே குழி விழுவது அதனாற்றான்.

மாணவர்கள் இதைத் தம் கண்ணாலேயே காணலாம். பழைய வெப்பநிறுத்தி ஒன்றை நூலில் கட்டி, வெப்பமானியுடன் நீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டு, பெரியவர் ஒருவரின் துணையோடு சூடாக்குக. கருவியில் பொறித்துள்ள எண்ணுக்கு அருகே வெப்பமானி வந்ததும் வாயில் மெல்லத் திறக்கும். திறவாதது பழுது, குளிர்ந்த பின்பும் மூடாததும் பழுதே.

வெப்பநிறுத்தியைக் கழற்றினால் சூடாவதாவது குறையும் அல்லவா என்று கேட்கலாம். அதுவும் எப்போதும் உண்மையன்று. பல இயந்திரங்களில் இக்கருவி திறக்கும்போதே, றேடியேற்றரைத் தவிர்த்துச் செல்லும் குறுக்கு வழியை மூடிவிடுகிறது. கருவி இல்லையேல் அவ்வழி என்றும் திறந்திருக்கும். சூடான நீரின் ஒரு பகுதி ஆறாமலே திரும்பி வரும். பாரம் ஏற்றிய நாளில் இயந்திரம் கொதிக்கவும் கூடும்.

நுரைச்சோலையும் நம் காரும்

இங்கே மாணவர் ஒருவர் தடை எழுப்பலாம். நுரைச்சோலை அனல் மின் நிலையம் கடல் நீரைக் கொண்டல்லவா குளிர்விக்கப்படுகிறது? அங்கே நீர் குளிர்ந்திருப்பது நன்மை என்றால், காரில் மட்டும் அது எப்படித் தீமையாகும்?

நல்ல கேள்வி. 900 மெகாவாற்று வலுவுள்ள அந்நிலையத்தில், கடல் நீர் குளிர்விப்பது வேலையை முடித்துவிட்டு வரும் நீராவியை. அது எவ்வளவு குளிர்ந்த இடத்தில் ஒடுங்குகிறதோ, அவ்வளவு வேலையை அதனிடமிருந்து முன்னரே பெற்றிருக்க முடியும். காரிலோ நீர் சூழ்ந்திருப்பது வேலை செய்துகொண்டிருக்கும் தீயை. வேலை முடிந்தபின் குளிர்விப்பது இலாபம். வேலை நடக்கும்போதே குளிர்விப்பது நட்டம்.

கற்பிட்டியிலும் உடப்பிலும் கடலுக்குச் செல்லும் படகுகளின் வெளி இயந்திரங்கள் கடல் நீரையே உறிஞ்சிக் குளிர்கின்றன. அவற்றிலும் பலவற்றில் வெப்பநிறுத்தி உண்டு. ஆனால் அது காரைவிடக் குறைந்த சூட்டிலேயே திறக்கும். கடல் நீர் மிகச் சூடானால் உப்புப் படிந்து வழியை அடைத்துவிடும் என்பதே காரணம்.

கிணற்று நீரின் கேடு

அந்தப் படிவின் தொல்லை கரையோரத்துக் கார்களுக்கும் உண்டு. புத்தளத்தின் நிலத்தடியில் சுண்ணக்கல் விரிந்து கிடக்கிறது. அறுவைக்காட்டில் வெட்டியெடுக்கும் அக்கல்லே புத்தளத்துச் சீமெந்தாலைக்கு உணவு. இப்பகுதிக் கிணறுகள் பலவற்றின் நீர் வன்னீராயிருப்பதற்கு அதுவே காரணம். கேத்தலின் அடியில் வெண்மையாகப் படிவதை இல்லத்தரசியர் நாள்தோறும் காண்கின்றனர். அந்நீரை றேடியேற்றரில் ஊற்றினால் அதே படிவு இயந்திரத்தின் நுண்வழிகளிலும் ஏற்படும். வெப்பம் வெளியேற முடியாமல் இயந்திரம் கொதிக்கும். அப்போது பழி வெப்பநிறுத்தியின் மேல் விழுகிறது. குற்றவாளியோ கிணற்று நீர்!

மிகை வெப்பம் உண்மையிலேயே ஆபத்தானது. எரிபொருள் வேளைக்கு முன் வெடித்து இயந்திரம் தட்டும், மசகெண்ணெய் நீர்த்துப்போகும், அலுமினியத் தலை வளைந்துவிடும். ஆகவே நாம் வேண்டுவது சூட்டைப் பெருக்குவதன்று, அளவில் நிறுத்துவதே.

வீட்டார் செய்யத்தக்கன

தயாரிப்பாளர் குறித்த கூலன்ற் திரவத்தையே ஊற்றுக. அதில் பெரும்பாலும் கலந்துள்ள எதிலீன் கிளைக்கோல் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாமல் வைத்தல் வேண்டும். சூடான றேடியேற்றரின் மூடியை ஒருபோதும் திறத்தலாகாது. அழுத்தத்தால் நூறு பாகைக்கு மேலும் கொதியாதிருந்த நீர், மூடியைத் திறந்ததும் ஆவியாகச் சீறி முகத்தைச் சுடும்.

பல யப்பானியக் கார்களில் தொடங்கும்போது நீல விளக்கொன்று எரியும். நெடுநேரம் ஓடியும் அது அணையாவிட்டால், அல்லது அணைந்தபின் நெடுஞ்சாலையில் மீண்டும் எரிந்தால், வெப்பநிறுத்தி திறந்தபடியே சிக்கியிருக்கலாம். அதை மாற்றுவது பெருஞ்செலவன்று.

குறும்பயணங்களையும் குறைத்தல் நன்று. கடைக்கு ஒருமுறை, தபாலகத்துக்கு ஒருமுறை, பிள்ளையை ஏற்ற ஒருமுறை என்று குளிர்ந்த காரை மும்முறை எடுப்பதைவிட, மூன்றையும் ஒரே ஓட்டத்தில் முடித்தல் சிக்கனம். 25 பாகையில் ஓடுவதைவிட, சைபருக்குக் கீழ் 7 பாகைக் குளிரில் கார் நகரில் ஓடும் தூரம் ஏறத்தாழ 15 வீதம் குறையும் என்றும், ஐந்தாறு கிலோமீற்றர்ப் பயணங்களில் 24 வீதம் வரை குறையலாம் என்றும் அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் கூறுகிறது. அவ்விழப்பு முழுவதும் இயந்திரத்தின் குளிரால் மட்டும் வருவதன்று. எனினும் அதற்கு அதில் பெரும் பங்குண்டு.

வட அமெரிக்காவில் விற்ற இரண்டாம் தலைமுறைப் பிரியஸ் காரில், சூடான நீரைச் சுடுநீர்ப் போத்தல் போன்ற கலத்தில் மூன்று நாள் வரை சேமித்து, மறுமுறை தொடங்கும்போது இயந்திரத்துக்கு ஊட்டும் ஏற்பாடு இருந்தது. சூட்டைக் காப்பதற்காக ஒரு நாட்டுப் பொறியியலாளர் கலம் செய்தனர். அதே சூட்டை விரட்டுவதற்காக நாம் கருவியைக் கழற்றுகிறோம். எது சிக்கனம் என்பதை நம் இளைஞர்கள் கராஜில் வாகனத்தை விடும்போது எடுத்துச் சொல்வார்களாயின், வீட்டுக்கும் நாட்டுக்கும் அது நற்பணியாகும்.