பெண்களுக்கும் ஹீமோபிலியா வருமா?



பால்வெட்டுக் கத்தி விரலில் பட்டால், சற்று நேரம் அழுத்திப் பிடிக்கிறோம், இரத்தம் நின்றுவிடுகிறது. சிலருக்கு மட்டும் எளிதில் நிற்பதில்லை. இரத்தத்தை உறைய வைக்கும் காரணிகளில் எட்டாவதோ ஒன்பதாவதோ குறைந்திருப்பதே இதற்குக் காரணம். இதைத்தான் ஹீமோபிலியா என்கிறோம். ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒருவர் எட்டாம் காரணிக் குறையோடு பிறக்கிறார்.

"இது ஆண்பிள்ளை நோய், பெண் இதைப் பிள்ளைக்குக் கொடுப்பாளே தவிர அவளுக்கு ஒன்றும் வராது" என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். அது முழு உண்மையன்று.

இந்தக் காரணிகளை உண்டாக்கும் குறிப்பு, எக்ஸ் என்னும் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்று. அது பழுதானால் நோய் வந்துவிடும். பெண்ணுக்கு இரண்டு. ஆனால், பெண்ணின் ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டில் ஒன்று உறங்கிவிடுகிறது. இதை 1961இல் மேரி லயன் என்ற ஆங்கிலேயப் பெண் விஞ்ஞானி எடுத்துரைத்தார். பெரும்பாலான உயிரணுக்களில் நல்லது உறங்கி, பழுதானது விழித்திருந்தால் அந்தப் பெண்ணுக்கும் காரணி குறையும். காரணியின் அளவு நூற்றுக்கு 40க்குக் கீழே போனால் அது பெண்ணுக்கும் ஹீமோபிலியாதான் என்று 2021இல் உலக வல்லுநர்கள் வகுத்தார்கள்.

நோயுள்ள தகப்பனின் பெண்மக்கள் எல்லாரும் பழுதான எக்ஸைப் பெறுவார்கள், ஆண்மக்கள் பெறமாட்டார்கள். பழுதைச் சுமக்கும் தாயின் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

நம்மவரிடையே அக்காள் மகளை மணப்பது வழக்கம். மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டமும் இந்துக்களுக்கு இதை அனுமதிக்கிறது. ஆனால், மாமனுக்கு ஹீமோபிலியா இருந்தால், அக்காளும் அவள் மகளும் அதே பழுதைச் சுமக்கக்கூடும். அப்படியானால், பிறக்கும் பெண் குழந்தைக்கு இரு பக்கமும் பழுது சேர்ந்து, கடுமையான நோயே வரலாம். இத்தகைய குடும்பத்தில் திருமணப் பேச்சுக்கு முன்பே மருத்துவரைக் கலந்துகொள்வது நல்லது.

பெண்களிடம் அறிகுறிகள் என்ன? ஏழு நாளுக்கு மேல் நீடிக்கும் மாதவிலக்கு, மணிக்கொருமுறை துணி மாற்றும் அளவுக்குப் போக்கு, பல் பிடுங்கிய பின் நிற்காத கசிவு, காரணமின்றித் தோன்றும் நீலத் தழும்பு, ஓயாத சோர்வு ஆகியவை. "உடல் வாகு", "அம்மாவுக்கும் இப்படித்தான்" என்று இவற்றை நாம் தள்ளிவிடுகிறோம். அம்மாவுக்கும் இருந்தது என்பதே சோதித்துப் பார்க்க வேண்டிய காரணம்!

பிரசவத்தில் கூடுதல் கவனம் வேண்டும். கர்ப்ப காலத்தில் எட்டாம் காரணி தானாக ஏறும். குழந்தை பிறந்த பின் இறங்கிவிடும். ஆகவே, வீடு திரும்பிய சில நாள்களிலும் பெரும் இரத்தப்போக்கு ஏற்படலாம். அண்ணனுக்கோ தாய்மாமனுக்கோ இந்த நோய் இருந்தால் மருத்துவச்சியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மருத்துவரைக் கேளாமல் ஆஸ்பிரின் மாத்திரை விழுங்காதீர்கள்.

முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையும், அம்பாங் மருத்துவமனையில் இரத்த நோய்ப் பிரிவும் இருக்கின்றன. நோய் இன்னதென்று தெரிந்தால், இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த மருந்து உண்டு.

பையனின் காயத்தைப் பார்த்துப் பதறி ஓடுகிற நாம், பக்கத்தில் வெளிறிப்போய் நிற்கும் அவன் தங்கையையும் ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.