மருந்துத் தொடக்கங்களும் கால இடைவெளியும்

அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்குக்குச் செல்லும் யாழ்ப்பாணத்து நோயாளரின் கையிலுள்ள கொப்பி மருத்துவ ஆவணம் மட்டுமன்று. சமூக வரலாற்று ஆவணமுமாகும். நீரிழிவுக்கு மெற்போமின் என்று தொடங்கியது, அது போதாதவிடத்து இன்சுலின் என்று சேர்ந்தது என்பன அதில் திகதியோடு உள்ளன. இவ்விரு தொடக்கங்களுக்கும் இடைப்பட்ட காலத்தை எவ்வாறு வரைந்து காட்டுவது என்பதே நாம் இங்கு நோக்கும் வினா.

முதல் மருந்து தொடங்கிய நாளைப் பூச்சியமாகக் கொண்டு, நோயாளர் ஒவ்வொருவரையும் ஒரு கிடைக்கோடாக வரைந்து, இரண்டாம் மருந்து தொடங்கிய இடத்திற் புள்ளியிடுதல் வழக்கமான முறை. இதில் இரண்டாம் மருந்தை இன்னும் தொடங்காதோரை நீக்கிவிட்டுச் சராசரி கண்டால், இடைவெளி உண்மையிலும் குறுகித் தோன்றும். அவர்களுடைய கோடுகளும், இறுதியாகக் கிளினிக்குக்கு வந்த நாள்வரை, புள்ளியின்றி நிற்றல் வேண்டும். கிளினிக் நாள்களிற் புள்ளிகள் குவிவதும் நோயின் இயல்பன்று, நிருவாகத்தின் இயல்பு.

இம்முறையின் அடிப்படைக் குறைபாடு வேறு. எல்லோரையும் ஒரே பூச்சியத்தில் நிறுத்தும்போது வரலாறு அழிந்துவிடுகிறது. 1988இல் தொடங்கியவரும் 2020இல் தொடங்கியவரும் அருகருகே நிற்பர். ஒருவருக்கு எட்டு மாதம், மற்றொருவருக்கு இருபது மாதம் என இடைவெளிகள் சிதறித் தோன்ற, அவற்றை நோயாளரின் 'அசட்டை' என வாசிப்பது எளிதாகிவிடும்.

ஜெர்மானியப் பொருளியலாளர் லெக்சிஸ் 1875இல் குடித்தொகை ஆய்வுக்கு வகுத்த வரைபடம் இங்கு பயன்படும். ('மூலதனம்' மூன்றாந் தொகுதியின் முன்னுரையில் ஏங்கல்ஸ் விவாதித்த அதே லெக்சிஸ்தான்.) கிடையச்சில் நாட்காட்டிக் காலம், நிலையச்சில் முதல் மருந்திலிருந்து கழிந்த காலம். ஒவ்வொரு நோயாளரும் தாம் தொடங்கிய நாளிலிருந்து சாய்வாக ஏறும் ஒரு கோடாவர். மருந்துத் தட்டுப்பாடு நேர்ந்தால், வெவ்வேறு நிலையிலுள்ள கோடுகள் யாவும் புள்ளியின்றி ஒரே நிலைக்குத்துப் பட்டையைக் கடக்கும். அதன் பின்னர்ப் புள்ளிகள் நெருங்கி விழும். 1990இன் பொருளாதாரத் தடை, மின்சாரமின்றி இன்சுலினைக் குளிரில் வைக்க இயலாதிருந்த ஆண்டுகள், 1995 ஒக்டோபர் இடப்பெயர்வு, 2022இன் அந்நியச் செலாவணி நெருக்கடி ஆகியவற்றைத் தேடவேண்டிய இடம் இப்பட்டைகளே. தனிமனிதக் குறையென்று தோன்றியதன் பொதுக்காரணம் அங்குதான் புலனாகும்.

இன்னுமொன்று. கொப்பியிலுள்ள திகதி மருந்தை எழுதிய நாளேயன்றி உட்கொண்ட நாளன்று. வைத்தியசாலையில் இல்லாத மருந்தை வெளியில் வாங்குமாறு துண்டு எழுதிக் கொடுக்கப்பட்டால், கூலித் தொழிலாளிக்கு அத்திகதி வெறும் எழுத்தாகவே நின்றுவிடலாம். மலிவான விலையில் அத்தியாவசிய மருந்துகளை மக்களுக்குக் கிடைக்கச் செய்யும் நோக்குடன் சேனக்க பிபிலே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தைக் கட்டியெழுப்ப முனைந்தமை இங்கு நினைக்கத்தக்கது. ஆகவே நோயாளர் ஒருவருக்கு இரு குறிகள் தேவை: எழுதிய நாளுக்கு வெற்று வட்டம், மருந்து கைக்கு வந்த நாளுக்கு நிரப்பிய வட்டம். வைத்தியசாலைப் பதிவுகளில் முதலாவதே உண்டு. இரண்டாவதை நோயாளரிடம் கேட்டே அறிதல் வேண்டும்.