மணல் வண்டிக்குத் தார்ச்சாலைச் சக்கரம்

ஜப்பானிலுள்ள டாமியா நிறுவனம் 1984-ஆம் ஆண்டில் 'ஹார்னெட்' என்ற சிறிய மின்சாரக் காரை வெளியிட்டது. உண்மையான வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள இதனைக் கையிலுள்ள ரேடியோப் பெட்டியின் துணையால் தூரத்திலிருந்தே ஓட்டலாம். மணலிலும் புல்லிலும் துள்ளி ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட இத்தகைய வண்டிகளைப் 'பக்கி' என்பார்கள். (நம் பேச்சு வழக்கில் இச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு, இக்கட்டுரை முடியும்வரை அதை மறந்துவிடுங்கள்!) அன்று ஜப்பானிலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இவற்றை ஓட்டி மகிழ்ந்த சிறுவர்கள் பலர், இன்று ஐம்பதைக் கடந்தபின் பழைய பெட்டிகளைத் தேடி எடுத்துத் தூசி தட்டுகிறார்கள்.

வண்டி இருக்கிறது, மணல் வேண்டுமே? கிடைப்பது பெரும்பாலும் கார் நிறுத்துமிடத்துத் தார்த்தரை அல்லது விளையாட்டுக் கூடத்தின் கம்பளத் தரைதான். பக்கியின் பின் டயர்களில் முட்கள் போன்ற குமிழ்கள் இருக்கும். மணலுக்குள் புதைந்து உந்தித் தள்ள அவை ஏற்றவை. தார்த்தரையிலோ குமிழ்களின் நுனி மட்டுமே தரையைத் தொடும், வண்டி அதிரும், சில நாட்களில் குமிழ்கள் மழுங்கிவிடும். ஆகவே சிறிய சாலைச் சக்கரங்களைப் பூட்டி, அவற்றில் நுரை ரப்பர் டயர்களை ஒட்டிக்கொள்கிறார்கள்.

வெறும் சக்கர மாற்றம்தானே என்று எண்ணிவிடாதீர்கள். மோட்டாரிலிருந்து தரைவரை வரும் பற்சக்கர வரிசையில் கடைசிப் பற்சக்கரம் எது தெரியுமா? டயர்தான்! அதற்குப் பற்கள் இல்லை, அவ்வளவே. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மோட்டார் 8 முறை சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழல்கிறது. மோட்டாரின் வேகம் நிமிடத்துக்கு 16,000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சக்கரம் நிமிடத்துக்கு 2,000 முறை சுழலும். பழைய டயரின் விட்டம் 88 மில்லிமீட்டர் என்றால் சுற்றளவு சுமார் 276 மி.மீ. வண்டி மணிக்கு ஏறத்தாழ 33 கிலோமீட்டர் ஓடும். விட்டத்தை 63 மி.மீ. ஆக்குங்கள். சுற்றளவு 198 மி.மீ. ஆகிறது, வேகம் 24 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைந்துவிடுகிறது.

இழந்ததற்கு ஈடாக ஒன்று கிடைக்கிறது. மோட்டாரின் முறுக்குவிசை மாறாதபோது, தரையில் கிடைக்கும் இழுவிசை சுமார் 40 விழுக்காடு கூடுகிறது. வண்டி 'விசுக்'கென்று கிளம்பும்; மோட்டாரும் குறைவாகவே சூடேறும். வேகமும் வேண்டுமென்றால் மோட்டார் அச்சிலுள்ள பினியன் பற்சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும். 15 பற்கள் இருந்த இடத்தில் 21 பற்கள் வைத்தால் கணக்கு நேராகிவிடும். ஆனால் பழைய பக்கிகள் பலவற்றில் மோட்டாருக்கும் அடுத்த பற்சக்கரத்துக்கும் உள்ள தூரத்தை மாற்ற முடியாது. ஒன்றிரண்டு அளவுப் பினியன்களே பொருந்தும். அங்கே டயரின் விட்டம்தான் நாம் மாற்றக்கூடிய ஒரே பற்சக்கரம்!

இனி நுரை ரப்பருக்கு வருவோம். உராய்வு, தொடும் பரப்பைப் பொறுத்ததன்று என்று நீங்கள் படித்திருப்பீர்கள். மரக்கட்டைக்கும் இரும்புக்கும் இது பெரும்பாலும் சரி. மென்மையான ரப்பர் இந்த விதிக்கு அடங்குவதில்லை. அது தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் பிதுங்கி நுழைந்து கவ்விக்கொள்கிறது. நுரை ரப்பரில் எண்ணற்ற சிறு காற்றறைகள் இருப்பதால் அது இன்னும் எளிதாக வளைந்து கொடுக்கும். மேலும், உள்ளே வெற்றிடமுள்ள மெல்லிய ரப்பர் டயர் வேகமாகச் சுழலும்போது பலூன்போல் உப்பும். அகலம் முழுவதும் ரிம்மோடு ஒட்டப்பட்ட நுரை டயர் அவ்வளவாக உப்புவதில்லை.

இவ்வளவு நன்றாகப் பிடிக்கிறதே, மிக மென்மையான நுரையையே நான்கு சக்கரங்களுக்கும் போட்டுவிட்டால் என்ன? பலர் செய்வது இதுதான். முதல் வளைவிலேயே வண்டி தலைகுப்புறக் கவிழ்கிறது. வளைவில் டயர் சற்றே சறுக்கினால் விசை குறைந்துவிடும். சறுக்க மறுத்தால் அந்த விசை வண்டியைக் கவிழ்க்கும். அல்லது முன்சக்கரத்தைத் தாங்கும் கையை முறிக்கும். நாற்பது ஆண்டு வயதான பிளாஸ்டிக் எளிதில் முறியும். சில வண்டிகளுக்கு மாற்று உறுப்பு எங்கே தேடினாலும் கிடைக்காது.

எது முதலில் நேரும், சறுக்கலா கவிழ்தலா? இதை ஒரு பலகையைக் கொண்டே கண்டுபிடிக்கலாம். ஓட்டப்போகும் தரையைப் போன்ற கம்பளத் துண்டையோ சொரசொரப்பான தாளையோ பலகையின்மேல் ஒட்டுங்கள். வண்டியைக் குறுக்காக நிறுத்திப் பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். வண்டி சறுக்கத் தொடங்கும் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பே உராய்வுக் குணகம். கவிழும் கோணமோ வண்டியின் வடிவத்தைப் பொறுத்தது: இடவலச் சக்கரங்களுக்கு இடையேயுள்ள தூரத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் அதன் டேன்ஜென்ட் கிடைக்கும். பாதித் தூரம் 100 மி.மீ., உயரம் 80 மி.மீ. என்றால் விடை 1.25, கோணம் சுமார் 51 பாகை. 63 மி.மீ. சக்கரங்களைப் பூட்டியதும் வண்டி 12.5 மி.மீ. தாழ்கிறது. விடை 1.48, கோணம் 56 பாகை. சிறிய சக்கரம் கவிழ்வதையும் தடுக்கிறது, பாருங்கள்! ஓடும் வண்டியில் ஸ்பிரிங்குகள் அமுங்கிச் சாய்வதால் உண்மை வரம்பு இதைவிடக் குறைவு. ஆகவே பலகையில் தெளிவாகச் சறுக்கும் டயரே பழைய வண்டிக்கு ஏற்றது. சறுக்காமல் கவிழ்ந்தால் கடினமான நுரையைத் தேடுங்கள்.

நுரையின் கடினத்தை 'ஷோர்' என்ற அளவால் குறிப்பார்கள். எண் கூடினால் கடினம் கூடும். பின்சக்கரங்கள் உந்தும் வண்டியில் பின்னால் மென்மையும் முன்னால் கடினமும் இருப்பது நல்லது. வளைவில் வண்டி கொஞ்சம் அகலமாகத் திரும்பும், அவ்வளவுதான். முன்னால் மட்டும் மென்மையான நுரை போட்டால் பின்பகுதி வழுக்கிப் பம்பரமாய்ச் சுழலும். டயரின் வெளி ஓரத்தைத் தேய்த்து வளைவாக்குவதும், அந்தப் பக்கவாட்டில் விரைவுப் பசையைப் பூசிக் கெட்டியாக்குவதும் பந்தயக்காரர்கள் கையாளும் வழிகள்.

ரிம் வாங்குமுன் பொருத்தும் இடத்தைக் கவனியுங்கள். இன்றைய பத்தில் ஒரு பங்குக் கார்களில் 12 மி.மீ. அறுகோண அமைப்பே பெருவழக்கு. பழைய பக்கிகள் பலவற்றில் முன்சக்கரத்துக்குள்ளேயே பேரிங் உட்காரும். அங்கே இன்றைய ரிம் பொருந்தாது.

தார்த்தரையில் நுரை வேகமாகத் தேயும். வெர்னியர் அளவியால் இடது, வலது விட்டங்களை அடிக்கடி ஒப்பிட்டுப் பாருங்கள். 63 மி.மீ. தேய்ந்து 57 ஆனால் வேகத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு போய்விடும். 1985-இல் வந்த 'ஹாட்ஷாட்' போன்ற நான்கு சக்கரமும் உந்தும் வண்டிகளில் முன், பின் விட்டங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் பற்சக்கரங்கள் தம்முள் மல்லுக்கட்டித் தேயும்.

உறை பிரிக்காத பழைய நுரை டயர் கிடைத்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ஒளியும் ரப்பரைச் சும்மா இருக்கும்போதே கெடுக்கின்றன. நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் உடனே எழுந்தால் பயன்படும். பொடியாக உதிர்ந்தால் ரிம்மை மட்டும் எடுத்துக்கொண்டு புதிய நுரையை ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.