டெண்டர் விடும் முன்பே விழித்துக்கொள்வோம்

கடைவீதிக் குப்பையை யார் அள்ளுவது, சந்தையில் யார் சுங்கம் வசூலிப்பது, வண்டி நிறுத்தக் கட்டணம் எவ்வளவு என்பவை எல்லாம் மாமன்றக் கூட்டத்தில் ஒரு தீர்மானமாக நிறைவேறிவிடுகின்றன. மறுநாள் செய்தித்தாளில் பார்த்த பிறகே நம்மில் பலர் விசாரிக்கத் தொடங்குகிறோம். ஒப்பந்தம் எந்தக் கட்டத்தில் உருவாகிறது என்பதை ஒவ்வொரு வணிகரும் அறிந்திருப்பது நல்லது.

இருவகை ஒப்பந்தங்கள்

முதல் வகையில் மாநகராட்சி பணம் கொடுக்கிறது. குப்பை அகற்றுதல், தெருவிளக்குப் பராமரிப்பு போன்றவை இதில் அடங்கும். தகுதியுள்ளவர்களில் குறைந்த தொகை கேட்பவருக்கு வேலை கிடைக்கும்.

இரண்டாம் வகையில் மாநகராட்சி பணம் பெறுகிறது. சந்தைச் சுங்கம், வண்டி நிறுத்தம், கட்டணக் கழிப்பறை ஆகியவற்றின் வசூல் உரிமை, அதிகத் தொகை கேட்பவருக்குக் குத்தகையாகப் போகும். குத்தகைதாரர் கட்டிய பணத்தை வணிகரிடமும் வாடிக்கையாளரிடமும்தான் திரும்ப எடுக்க வேண்டும். மூட்டைக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று நிபந்தனையில் தெளிவாக இல்லாவிட்டால், ஏறிய ஏலத்தொகை நம் தலையில்தான் விடியும்.

சட்டம் சொல்வது

தமிழ்நாட்டில் அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் செய்யும் கொள்முதலுக்கு 1998-ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-ஆம் ஆண்டின் விதிகளும் உள்ளன. விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாட்களும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாட்களும் அவகாசம் தர வேண்டும். ஆவணத்தில் சொன்ன அளவுகோலின்படியே மதிப்பீடு நடக்க வேண்டும்.

முடிவை எதிர்த்து 10 நாட்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் இந்த உரிமை டெண்டர் போட்டவருக்கு மட்டுமே உண்டு. அந்தச் சேவையை நம்பியிருக்கும் கடைக்காரருக்கு இல்லை. ஆகவே நாம் பேச வேண்டிய நேரம் நிபந்தனைகள் தயாராகும் நேரமே.

சென்னையின் அனுபவம்

சென்னையில் 2000-ஆம் ஆண்டு ஓனிக்ஸ் நிறுவனத்திடம் 3 மண்டலங்களின் குப்பை அகற்றும் பணி ஒப்படைக்கப்பட்டது. 2007-இல் நீல் மெட்டல் பனால்கா வந்தது. அந்நாட்களில் அள்ளும் எடைக்கே பணம். எடைக்குப் பணம் என்றால் தெரு சுத்தமா என்பதைவிட லாரியில் எத்தனை டன் என்பதே கணக்காகும். 2020-இல் உர்பேசர் சுமீத் நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தத்தில், எடைக்குப் பதிலாகப் பணியின் தரத்தை அளந்து பணம் தரும் முறை வந்தது. அப்போது சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லை. 2016 முதல் 2022 வரை தனி அலுவலர் நிர்வாகமே நடந்தது.

2025-இல் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியும் தனியாருக்குப் போனது. வேலையையும் ஊதியத்தையும் காக்கக் கோரித் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் பல நாட்கள் போராடினர். பணியாளர் நிலையும் முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் என்பதை இது காட்டியது.

சங்கங்கள் கேட்க வேண்டியவை

1. கட்டண விகிதப் பலகை சந்தை வாயிலில் வைக்கப்படுமா? அச்சிட்ட ரசீது உண்டா?

2. குப்பை நாளைக்கு எத்தனை முறை, எந்த நேரத்தில் எடுக்கப்படும்?

3. வேலை தவறினால் பிடித்தம் எவ்வளவு? அதை அளப்பவர் யார்?

4. ஒப்பந்தம் எத்தனை ஆண்டுகள்? புதிய டெண்டர் இல்லாமல் நீட்டிக்க இடமுண்டா?

இவற்றை எழுத்து மூலமாக ஆணையருக்கும், நகல்களை மேயருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். நடப்பு ஒப்பந்தத்தின் நகலை 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணம் செலுத்தி மனுச் செய்து கேட்கலாம். அது முடியும் தேதியைச் சங்க அலுவலகப் பலகையில் எழுதி வைத்து, ஆறு மாதம் முன்பே செயலில் இறங்குவோம்.