லயத்துப் பிள்ளைகள் – 7: நான்கு பேய்கள், நான்கு குணங்கள்

நாங்கள் குடியிருந்தது லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். தோட்டத்து ஜெனரேட்டர் இரவில் நின்றதும் எங்கள் நாள் முடிந்துவிடும். சுங்கை சிப்புட் பக்கத்துப் பால்மரத் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு, ஈப்போவில் மாமா வீட்டில் நள்ளிரவிலும் எரியும் விளக்கே அதிசயம். 1984 பள்ளி விடுமுறையில் அதைவிடப் பெரிய அதிசயம் காத்திருந்தது. மாமா அட்டாரி கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி டிவியோடு இணைத்திருந்தார். கார்ட்ரிஜைச் செருகினால் பேக்-மேன்!

ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் தோரு இவாதானி 1980இல் உருவாக்கிய ஆட்டம் அது. காசு போட்டு ஆடும் கடைகளைச் சுட்டுத்தள்ளும் ஆட்டங்களே நிறைத்திருந்த காலம். பெண்களும் விரும்பி வந்து ஆட வேண்டும் என்பதற்காக அவர் தின்பதை ஆட்டமாக்கினார். கடைப் பெட்டியின் திரை நெட்டுக்குத்தாக நிற்கும். வீட்டு டிவியோ அகலவாக்கில் இருக்கும். அதனால் 1982இல் அட்டாரி அந்த ஆட்டத்தைத் தன் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தபோது, புள்ளிகளைத் தின்றபடி ஓடும் சந்துகளைக் குட்டையாக்கி வரைய வேண்டியிருந்தது.

கடை ஆட்டத்தில் ஒரு சுற்றுக்கு 244 புள்ளிகளைத் தின்ன வேண்டும். அம்மா தன் நிரையில் ஒரு மரம் விடாமல் சீவி, மங்கு மங்காகப் பால் எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒன்றையும் விடாமல் முடிக்கும் வேலை எனக்குப் பழக்கம்தான். துரத்தும் பேய்கள்தான் புதிது. முதல் இரண்டு நாளும் ஓடினேன், மாட்டினேன், செத்தேன்.

மூன்றாம் நாள் மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “டேய், ஓடிக்கிட்டே இருக்காத. எது எப்படி வருதுன்னு பாரு” என்றார்.

பார்த்தேன். பேய்கள் எல்லாம் ஒரே மாதிரி வரவில்லை. அதன் காரணத்தைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அசல் ஆட்டத்தில் சிவப்புப் பேய் நாம் நிற்கும் கட்டத்தையே குறிவைக்கும். இளஞ்சிவப்பு, நாம் போகும் திசையில் நான்கு கட்டம் முன்னால் மறிக்கப் பார்க்கும். வெளிர்நீலம், சிவப்பு நிற்கும் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும். ஆரஞ்சு தூரத்தில் இருக்கும்போது துரத்தும். எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கினால் தன் மூலைக்குத் திரும்பிவிடும். ஜப்பானில் வைத்த பெயர்களும் குணத்தைச் சொல்பவைதான்: துரத்துபவன், பதுங்கி மறிப்பவன், மனம்போனபடி நடப்பவன், ஒன்றும் அறியாததுபோல் நடிப்பவன்.

கடையில் ஆடியிருந்தால் இரண்டு நாளில் கைக்காசு தீர்ந்திருக்கும். மூன்றாம் நாள் வந்திருக்காது. வீட்டு கம்ப்யூட்டர் எனக்குக் கொடுத்தது செலவில்லாத தோல்வி. திரும்பத் திரும்பத் தோற்றதால்தான், பயமுறுத்துவதற்கும் ஒரு விதி உண்டு என்று கண்டுகொண்டேன். அதன்பிறகு கணக்குப் பாடத்தைக் கண்டும் நான் ஓடவில்லை.

இன்று எங்கள் தோட்டத்தில் பால்மரங்கள் இல்லை, செம்பனை நிற்கிறது. லயமும் இல்லை. மாமா சொன்ன அந்தச் சொல் மட்டும் என்னோடு இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரே ஆட்டத்தில் பத்து முறை தோற்றால் உடனே அணைத்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, பத்தாவது முறை எதைக் கவனித்தாய் என்று கேளுங்கள்.