இருமலுக்கு விழுங்கிய மாத்திரை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகள் அதிகம். உலைக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கிற பையனுக்கு ஒன்றுக்குப் போகும்போது எரிந்தால், சூடு என்றுதான் முதலில் நினைப்பான். அறையில் கூட இருப்பவர்களும் அதையே சொல்வார்கள். இளநீர் குடி, வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடு, தொப்புளில் விளக்கெண்ணெய் வை. பல நேரம் அது சூடாகவே இருக்கும், சரியாகியும் போகும். ஆனால் எரிச்சலோடு மஞ்சளாகச் சீழும் வந்தால் அது சூடு இல்லை. பெரும்பாலும் வெட்டை நோய். டாக்டர்கள் கொனோரியா என்பார்கள்.

அந்தப் பையன் ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குவான். அரைநாள் கூலி போய்விடும், கூட வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும், டாக்டர் என்ன கேட்பாரோ என்ற பயமும் உண்டு. இருட்டியபின் மருந்துக் கடையில் கூட்டம் குறைந்ததும் போய், "யூரின் எரியுது, ஹீட்டு" என்பான். சின்னக் கவரில் நாலு மாத்திரை கைக்கு வரும். இரண்டு நாளில் சீழ் நின்றுவிடும்.

"நின்னுடுச்சுன்னா அப்புறம் என்ன சார் பிரச்சினை?" என்று டீக்கடையில் எதிரே உட்கார்ந்திருந்த நண்பர் கேட்டார். காண்ட்ராக்ட் ஆட்களைக் கவனிக்கும் சூப்பர்வைசர் அவர். நியாயமான கேள்வி. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

சீழ் நிற்பதும் கிருமி ஒழிவதும் ஒன்றல்ல. பொருந்தாத மருந்தோ, அளவு குறைந்த மருந்தோ உள்ளே போனால் பலவீனமான கிருமிகள் செத்துவிடும், தாக்குப்பிடிக்கக்கூடியவை மிஞ்சும். வலி இல்லாததால் அவன் பழையபடி நடமாடுவான். மிஞ்சிய கிருமி அடுத்தவருக்குப் போகும். அங்கே அதே மாத்திரை வேலை செய்யாது.

வெட்டை நோய்க் கிருமியின் வரலாறே இதுதான். 1930-களில் சல்ஃபா மருந்து வந்தது. சில ஆண்டுகளிலேயே அதன் பலம் குறைந்தது. 1940-களில் பெனிசிலின் வந்தது. அதையே சிதைக்கும் நொதியைச் சுரக்கும் கிருமி 1976-ல் கண்டறியப்பட்டது. பிறகு டெட்ராசைக்ளின் போனது. பிறகு சிப்ரோஃப்ளாக்சசின். டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை ஆய்வகம் பல ஆண்டுகளாகச் சோதித்த கிருமிகளில் பெரும்பாலானவை சிப்ரோவுக்கு அடங்கவில்லை. 2016-ல் உலக சுகாதார நிறுவனமே அந்த வகை மருந்தை வெட்டைக்குக் கொடுக்க வேண்டாம் என்றது. கடையில் கொடுக்கும் கவரில் இன்றும் சிப்ரோ இருந்தால், அது பலிக்காது என்று உலகத்துக்குத் தெரிந்து ரொம்ப நாளாகிறது.

இப்போது கைவசம் இருப்பவை செஃபிக்ஸிம் மாத்திரை, செஃப்ட்ரியாக்சோன் ஊசி, துணைக்கு அசித்ரோமைசின். செஃப்ட்ரியாக்சோன் இன்னும் பெரும்பாலும் கைகொடுக்கிறது. ஆனால் 2018-ல் இங்கிலாந்தில் ஒருவருக்கு அந்த ஊசியும் அசித்ரோமைசினும் சேர்ந்தே தோற்றன. அவருக்கு அந்த நோய் தென்கிழக்கு ஆசியாவில் தொற்றியிருந்தது. தீவிரத் தொற்றுகளுக்கென்று ஒதுக்கிவைக்கும் எர்டாபெனெம் மருந்தை நரம்பில் ஏற்றித்தான் குணப்படுத்தினார்கள். ஒரே வேளை மருந்தில் தீர்ந்திருக்க வேண்டிய நோய்!

எல்லாப் பால்வினை நோய்க் கிருமியும் இப்படி இல்லை. மேகநோய் என்கிற சிஃபிலிஸுக்கு எண்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெனிசிலின் ஊசிதான் மருந்து. இன்றும் அதற்கு அடங்குகிறது. அப்படியானால் வெட்டைக் கிருமி மட்டும் ஏன் மருந்துக்கு மருந்து தப்பிக்கிறது? காரணம் நம் தொண்டையில் இருக்கிறது.

நம் எல்லோர் தொண்டையிலும் நைசீரியா என்ற குடும்பத்துக் கிருமிகள் தீங்கில்லாமல் குடியிருக்கின்றன. வெட்டைக் கிருமி அதே குடும்பம். வாய்வழி உறவால் அது தொண்டைக்கும் போகும். போனால் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. செத்த உறவுக் கிருமிகளிலிருந்து சிதறும் மரபணுத் துண்டுகளை எடுத்துத் தனக்குள் சேர்த்துக்கொள்ளும் திறமை அதற்குப் பிறவியிலேயே உண்டு. பட்டறையில் பழைய ஆளிடம் புது ஆள் கைவேலையைக் கற்றுக்கொள்வதுபோல, மருந்தைத் தாங்கும் வித்தையைத் தொண்டைவாசிகளிடமிருந்து அது எடுத்துக்கொள்கிறது. செஃபிக்ஸிம் வகையைத் தாங்கும் ஆற்றல் அதற்குக் கிடைத்த முக்கிய வழிகளில் இது ஒன்று.

சரி, தொண்டைவாசிகள் அந்த வித்தையை எங்கே கற்றன? நாம் இருமலுக்கும் சளிக்கும் விழுங்கிய மாத்திரைகளிடம். 2019-ல் இந்தியத் தனியார் சந்தையில் அதிகம் செலவான ஆன்டிபயாடிக் அசித்ரோமைசின் 500. இரண்டாவது செஃபிக்ஸிம் 200. லான்செட் குழும இதழ் ஒன்றில் 2022-ல் வந்த ஆய்வு இதைச் சொல்கிறது. வெட்டைக்கு நம்பியிருக்கும் அதே இரண்டு மருந்துகள். சாதாரணச் சளி வைரஸால் வருவது. இந்த மாத்திரைகள் அதை ஒன்றும் செய்யாது. தொண்டையில் இருக்கும் கிருமிகளைத்தான் பழக்கிவிடும்.

"அது ஒழுக்கம் கெட்டவனுக்கு வர்ற வியாதி, நமக்கென்ன?" என்று கேட்பவர்களிடம் நான் சொல்ல விரும்புவது இதைத்தான். நோய் தொற்றுவது இரண்டு பேருக்கு நடுவில். அது மருந்துக்கு அடங்காமல் போவதற்கு மருந்துக் கடைக்குப் போகிற எல்லோரும் சேர்ந்து வழி செய்கிறோம். பள்ளிக்கூடம் போகும் குழந்தைக்கு ஒரு நாள் காய்ச்சலுக்கே அசித்ரோமைசின் வாங்கிக்கொடுத்த வீடும் அதில் சேர்த்தி.

அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. செஃபிக்ஸிமும் செஃப்ட்ரியாக்சோனும் எச்1 பட்டியலில் இருக்கின்றன. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த விதி அது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அடுத்த முறை கடைக்குப் போனால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், சிவப்புக் கோட்டுக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும். விதி நல்ல விதி. அது கல்லாவுக்கு அந்தப்பக்கம் நிற்பவரின் மனச்சாட்சியையும், "சீட்டெல்லாம் எதுக்கு, சும்மா குடுங்க" என்று கேட்காத நம் பொறுமையையும் நம்பித்தான் நிற்கிறது.

அந்தப் பையன் போக வேண்டிய இடம் அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவு. தமிழ்நாட்டில் சுகவாழ்வு மையம் என்பார்கள். அங்கே நிறம் பிரித்த மருந்துக் கவர்களை வைத்துச் சிகிச்சை தருவது நாடு முழுக்கப் பல ஆண்டாக உள்ள முறை: சாம்பல், பச்சை, வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு என்று ஏழு. சீழ் வடிகிறவருக்குச் சாம்பல் கவர். ஒரு கிராம் அசித்ரோமைசின், 400 மில்லிகிராம் செஃபிக்ஸிம். அங்கேயே, ஊழியர் கண் முன்னாலேயே, ஒரே வேளையில் விழுங்கிவிட வேண்டும். மிச்சம் வைக்க வழியில்லை. அவன் துணைக்கும் மருந்து உண்டு. அது கட்டாயம் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் இவனுக்குக் குணமாகி, அவளிடமிருந்து திரும்ப வரும்.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. இது அறிகுறியைப் பார்த்துக் கொடுக்கும் மருந்து. எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று தெரிய வேண்டுமானால் அதை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும். உடலை விட்டு வெளியே வந்தால் வெட்டைக் கிருமி சீக்கிரம் செத்துவிடும்; அதை வளர்க்கத் தனி ஊட்டமும் கரியமில வாயுவும் தேவை. சென்னை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பால்வினை நோயியல் நிலையம் போன்ற சில இடங்களில்தான் அதற்கு ஆளும் அனுபவமும் இருக்கின்றன. மாவட்ட அளவில் அந்தச் சோதனை பெருகாதவரை, மருந்து எங்கே தோற்கிறது என்பது தாமதமாகத்தான் தெரியவரும்.

இதைவிடப் பெரிய குறை, அறிகுறியே இல்லாதவர்கள். வெட்டை தொற்றிய பெண்களில் பாதிப் பேருக்காவது எதுவும் தெரியாது. சிகிச்சை இல்லாமல் விட்டால் அது கருப்பைக்கும் கருக்குழாய்க்கும் ஏறும். குழாய் அடைத்துக் குழந்தை தங்காமல் போகலாம். குழாயிலேயே கரு வளர்ந்து உயிருக்கு ஆபத்தாகலாம். பிரசவத்தில் குழந்தையின் கண்ணுக்குப் பரவலாம். கணவன் மருந்துக் கடையில் நாலு மாத்திரையோடு முடித்துக்கொண்டதை அறியாமல், பொன்னேரியிலோ ஒடிசாவிலோ ஒரு பெண் "வயித்துல ஒண்ணு தங்கலையே" என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பாள். இந்த அநியாயத்தை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

இந்த இடத்தில் நண்பர், "வடக்குல இருந்து வர்ற பசங்களாலதான் இதெல்லாம்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கொல்கத்தா நெடுஞ்சாலை ஓடும் ஊர் இது. லாரி ஓட்டுகிறவர், லோடு இறக்குகிறவர், உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் எல்லோரும் கலக்கும் இடம். வெளிமாநிலத்துப் பையனுக்கு ஆபத்து கூடுகிறது என்றால், வீட்டைவிட்டுத் தனியாக இருப்பதும், டாக்டரிடம் பேச மொழி இல்லாததும், லீவு கிடைக்காததும்தான் காரணம். பழி சுமத்தினால் அவன் இன்னும் ஒளிந்துகொள்வான். ஒளிந்தால் மறுபடி மருந்துக் கடைதான்.

பேசினால் பலன் உண்டு என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. நம் நாட்டில் அதெல்லாம் வராது என்று சொன்னவர்கள் அன்று ஏராளம். 1994-ல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் பிறந்தது. பிறகு ஒரு நாள் ஊரெங்கும் சுவரிலும் பலகையிலும் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்ற விழிப்புணர்வு விளம்பரக் கேள்வி முளைத்தது. முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் வீட்டில் சொல்லவே கூசிய ஆணுறை பஸ்ஸிலும் டீக்கடையிலும் பேச்சாக மாறியது. லாரி நிறுத்தங்களுக்குத் தொண்டு நிறுவனங்கள் போயின. 2001 வாக்கில் நூறு கர்ப்பிணிகளில் ஒருவருக்கு மேல் இருந்த தொற்று, இப்போது ஆயிரத்தில் இருவருக்கும் குறைவு. ஆணுறை, பரிசோதனை, மருந்து, வெளிப்படையான பேச்சு எல்லாம் சேர்ந்து கொண்டுவந்த மாற்றம் இது. அதே ஆணுறை வெட்டையையும் தடுக்கும். அதற்கு எதிராக எந்தக் கிருமியும் எதிர்ப்பாற்றல் பெற முடியாது.

பள்ளிக்கூடம் என்று வரும்போதுதான் நாம் பின்வாங்குகிறோம். 2007-ல் மத்திய அரசின் வளரிளம்பருவக் கல்வித் திட்டத்தைப் பல மாநிலங்கள் நிறுத்திவைத்தன. 2009-ல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளிகளில் பாலியல் கல்வி வேண்டாம் என்றது. பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது: சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் செய்து பார்ப்பார்களே என்று. ஆனால் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ சொன்னது நேர் மாறு: ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்த இடங்களில் பிள்ளைகள் முன்னதாக உறவில் இறங்கவில்லை. அம்பத்தூர் மகளிர் காவல் நிலையத்தில் பதிவான ஒரு வழக்கு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 செப்டம்பரில் வந்த தீர்ப்பு, பாலியல் கல்வி பிள்ளைகளைக் கெடுக்கும் என்பது தவறான எண்ணம் என்றது. ஜார்கண்டில் நடக்கும் 'உடான்' பள்ளித் திட்டத்தை நல்ல எடுத்துக்காட்டாகக் காட்டியது. இங்கே வேலைக்கு வரும் பையன்களில் ஜார்கண்ட்காரர்களும் உண்டு. அவர்களில் சிலருக்காவது நம் பிள்ளைகளைவிட இது நன்றாகத் தெரிந்திருக்கக்கூடும்.

நம் பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் பாடத்தில் பால்வினை நோய்கள் வருகின்றன. உயிரியல் எடுத்தவர்கள் படிப்பார்கள். பத்தாவதோடு ஐ.டி.ஐ. போய் ஃபிட்டராகவும் வெல்டராகவும் சிப்காட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. யாருக்கு உடனே தேவையோ அவர்களைத்தான் பாடம் தொடாமல் போகிறது.

புது மருந்துகளும் வருகின்றன. சோலிஃப்ளோடாசின், ஜெப்போடிடாசின் இரண்டையும் வெட்டைக்குக் கொடுக்க 2025 டிசம்பரில் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. இங்கிலாந்து அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து, ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு ஓரளவு காக்கும் தடுப்பூசியைப் போடுகிறது. நல்ல செய்தி. ஆனால் அவற்றையும் சளிக்கும் இருமலுக்கும் அள்ளிக் கொடுத்தால் பழைய மருந்துகளின் கதிதான் அவற்றுக்கும்.

"அப்ப நான் என்னதான் சார் செய்யணும்?" என்று நண்பர் கேட்டார். அவர் கையில் நிஜமாகவே ஒரு வழி இருக்கிறது. புது ஆள் வேலைக்குச் சேரும் நாளில் ஹெல்மெட், ஷூ, தீயணைப்பான் பற்றிப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறார்கள் அல்லவா, அதில் பதினைந்து நிமிடம் போதும். எரிச்சலும் சீழும் இருந்தால் சூடு என்று இருந்துவிடாதே. மருந்துக் கடைக்குப் போகாதே, அரசு மருத்துவமனைக்குப் போ, சிகிச்சை இலவசம். சந்தேகம் இருந்தால் 1097-க்குக் கூப்பிடு, கட்டணம் இல்லை. உன் துணையையும் கூட்டிப் போ. ஆணுறை வெட்கப்பட வேண்டிய பொருள் இல்லை. இந்த ஐந்தையும் தமிழில், இந்தியில், ஒடியாவில், வங்காளத்தில் சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போக அரைநாள் லீவு கேட்டால் காரணம் கேட்காமல் கொடுக்க வேண்டும். அடுத்த பேட்ச் ஆட்கள் வரும்போதே இதை ஆரம்பிக்கலாம்.