"எனக்கு எதுக்கு உயில்?"

சொத்து, உயில் என்ற வார்த்தையைப் பார்த்தாலே, 'அதெல்லாம் ஆம்பளைங்க சமாசாரம்' என்று அடுத்த பக்கம் திருப்பி விடும் சகோதரிகளே, கொஞ்சம் நில்லுங்கள். முக்கியமாக, சொந்தமாகச் சம்பாதித்து நாலு காசு சேர்த்திருக்கும், பிள்ளை இல்லாத பெண்கள் இதை அவசியம் படிக்க வேண்டும்.

என்னுடன் வேலை பார்த்த ஆசிரியை ஒருவர், கல்யாணமான இரண்டாம் வருஷமே கணவரைப் பறிகொடுத்து தாய் வீடு திரும்பியவர். புகுந்த வீட்டார் அதன் பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தன் தோட்டை அடகு வைத்து அவரை டீச்சர் டிரெயினிங் படிக்க வைத்தது அம்மாதான். முப்பது வருஷம் உழைத்து, லோன் போட்டு, சின்னதாக ஒரு வீடு கட்டி, அம்மாவைத் தன்னுடனேயே வைத்திருந்தார். ரிடையர் ஆவதற்குள் மாரடைப்பு வந்து போய்விட்டார்.

காரியம் முடிந்த கையோடு, கணவரின் தம்பியும் தங்கையும் வந்து நின்றார்கள். "வீடு எங்களுக்குத்தான் வரணும்!" எங்களுக்கெல்லாம் ஆத்திரமான ஆத்திரம். வக்கீலிடம் ஓடினோம். அவரோ, "அவங்க சொல்றது சட்டப்படி சரிதாம்மா. டீச்சரம்மா உயில் எழுதி வச்சிருக்காங்களா?" என்றார். இல்லை. எண்பது வயது அம்மா வாடகை வீட்டுக்குப் போனார்.

1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? உயில் எழுதாமல் ஒரு பெண் இறந்தால், அவளது சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவருக்கும். அவர்கள் யாரும் இல்லாவிட்டால் கணவரின் வாரிசுகளுக்கு. அதற்கும் அடுத்த படியில்தான் பெற்ற தாய், தகப்பன்! (தாய், தகப்பனிடமிருந்து வாரிசாக வந்த சொத்து மட்டும், பிள்ளை இல்லாவிட்டால் தகப்பன் வழி வாரிசுகளுக்குத் திரும்பும்.) ஆணுக்கோ, தாய் முதல் வரிசை வாரிசு. இது என்ன நியாயமோ! இதே மாதிரி வழக்கொன்றில், கணவர் இறந்ததும் விரட்டப்பட்ட பெண் சம்பாதித்த சொத்து, புகுந்த வீட்டு உறவுக்கே போகும் என்று 2009-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. அதே கோர்ட், இப்படிப்பட்ட நிலை வரக்கூடிய பெண்கள் எல்லாரும் உயில் எழுதி வையுங்கள் என்று 2025 நவம்பரில் கேட்டுக் கொண்டது.

"பேங்க்ல அம்மா பேரை நாமினியா போட்டிருக்கேனே, போதாதா?" என்பீர்கள். எங்கள் டீச்சரும் அதைத்தான் செய்திருந்தார். பேங்க்காரர்கள் பணத்தை நாமினியிடம் கொடுப்பார்கள், சரி. ஆனால் அவர் வாங்கி வைத்துக் கொள்பவர்தான், சொந்தக்காரர் அல்ல. சட்டப்படி வாரிசானவர் வந்து கேட்டால் கொடுத்தாக வேண்டும்.

உயில் எழுத ஸ்டாம்ப் பேப்பர் கூட வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். எது யாருக்கு என்று புரியும்படி எழுதி, இரண்டு சாட்சிகள் பார்க்க நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். அவர்களும் உங்கள் முன்னால் போடட்டும். சொத்து பெறுகிறவரைச் சாட்சியாக்காதீர்கள், வீண் சந்தேகம் வரும். ரிஜிஸ்டர் செய்வது கட்டாயமில்லை, செய்தால் நல்லது. மனசு மாறினால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும். ஆகவே, 'எழுதிக் கொடுத்துட்டா அப்புறம் நம்மளை மதிக்க மாட்டாங்க' என்ற பயமும் வேண்டாம். உயிரோடு இருக்கும்வரை எல்லாம் உங்களுடையதே.

சென்னை நகரச் சொத்துக்கான உயில் என்றால் கோர்ட்டில் 'ப்ரொபேட்' வாங்கியே தீர வேண்டும் என்றிருந்த விதியையும் 2025 டிசம்பரில் பார்லிமெண்ட் எடுத்துவிட்டது. இருந்தாலும் யாராவது 'இது பொய் உயில்' என்று கிளம்பினால், சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டுக்கு வந்து சொல்ல வேண்டியிருக்கும். அதனால் உங்களைவிட வயதில் சின்னவர்களாக, பக்கத்து ஊரிலேயே இருப்பவர்களாகப் பாருங்கள்.

முஸ்லிம், கிறிஸ்தவ சகோதரிகளுக்குச் சட்டம் வேறு. நல்ல வக்கீலைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

எழுதிய உயிலைப் புடவை மடிப்பில் ஒளித்து வைத்து யாருக்கும் தெரியாமல் போய்விடப் போகிறது. நம்பிக்கையான ஒருவரிடம், எந்த பீரோ, எந்தத் தட்டு என்று சொல்லி வையுங்கள்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.